மாதம் 3,000 கமிஷன்; 600 பிடித்தம்!

2025 ஆகஸ்டில் ஒரு நாள், கோவை சிங்காநல்லூரில் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி கையில் பாஸ்புத்தகத்துடன் நம்மிடம் வந்தார். வீடு வீடாகச் சென்று ஒரு கம்பெனியின் சோப்பும் சத்துமாவும் விற்பவர். முழுநேர வேலை அல்ல. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் நாலு மணி நேரந்தான். கம்பெனிச் சீட்டில் மாதம் 3,000 ரூபாய் கமிஷன். பாஸ்புத்தகத்தில் 2,400. "பாக்கி 600 எங்கே போச்சுங்கண்ணா?" என்று கேட்டார்.

எங்கே போயிற்று? வருமான வரி என்று சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று!

2024-25ஆம் ஆண்டில் கமிஷன் 15,000 ரூபாயைத் தாண்டினால், கம்பெனியே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். பிடித்தம் 5 சதவீதமாக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதமாயிற்று. ஆனால் பான் அட்டையை ஆதாருடன் இணைக்காதவருக்கு 20 சதவீதம்! இந்தச் சகோதரி இணைக்கவில்லை. இணைக்க வேண்டுமென்று கம்பெனியில் யாரும் சொல்லவுமில்லை. ஆண்டுக் கமிஷன் 36,000. பிடித்தது 7,200.

இதில் வேடிக்கை என்ன? இவருக்கு வேறு வருமானம் இல்லை. அந்த ஆண்டில் புதிய முறைப்படி 3 லட்ச ரூபாய் வரை வரியே கிடையாது. ஆக, சர்க்கார் எடுத்துக்கொண்ட 7,200 ரூபாயில் ஒரு காசுகூட சர்க்காருக்குச் சேர வேண்டியதல்ல. "ஏழைகள் வரி கட்டுவதில்லை" என்று பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதும் பெருமக்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமா? ரிட்டர்ன் போட வேண்டும். எந்தப் படிவம்? இங்கேதான் சட்டத்தின் வர்க்க முகம் தெரிகிறது. ஆண்டுக்கு 2 கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்யும் கடை முதலாளி, கணக்குப் புத்தகம் எதுவும் காட்டாமல், "என் லாபம் 8 சதவீதம்" என்று சொல்லிச் சின்னப் படிவத்தில் முடித்துக்கொள்ளலாம். வரவு பாங்கி வழியாக வந்தால் 6 சதவீதம் போதும். ஆனால் கமிஷன் வாங்குகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்று அதே சட்டப் பிரிவு கதவைச் சாத்துகிறது. சோப்பு விற்கும் பெண் ஐ.டி.ஆர். 3 என்ற நீண்ட படிவத்தை, லாப நஷ்டக் கணக்கு, ஐந்தொகை என்று நிரப்ப வேண்டும். மெட்ரிகுலேஷனோடு நின்ற நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், பாதிகூடப் பிடிபடவில்லை. ஆடிட்டரிடம் போனால் 2,000 கேட்டார். பானை இணைக்கத் தாமதக் கட்டணம் 1,000. தன் சொந்தப் பணத்தை வாங்க 3,000 செலவு!

இனி கம்பெனியின் யோக்கியதையைப் பார்ப்போம். இலக்கு வைப்பது கம்பெனி. விலை வைப்பது கம்பெனி. ஆனால் பிராவிடண்ட் பண்டு, இ.எஸ்.ஐ. என்று வாய் திறந்தால், "நீங்கள் தொழிலாளி அல்ல, சுயேச்சையான வியாபாரி" என்கிறார்கள். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் அதற்கு ஒத்து ஊதுகின்றன. விற்பவரும் கம்பெனியும் முதலாளிக்கு முதலாளி என்ற உறவாம்! பஸ்ஸுக்குச் சில்லறை தேடும் முதலாளி!

இவருக்கு மேலே உள்ள "லீடர்" ஒருவர், "இதெல்லாம் வருமானமே இல்லை, கணக்கில் காட்டாதே" என்று உபதேசம் செய்திருக்கிறார். இந்த ஆசாமியை நம்பிவிடாதீர்கள். பிடித்த பணமெல்லாம் 26ஏஎஸ் கணக்கில் பான் எண்ணோடு ஏறுகிறது. காட்டாமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு? அந்த ஆண்டு ரிட்டர்னைக் கெடுவுக்குள் போடாதவர், பிற்பாடு புதுப்பித்த ரிட்டர்ன் போட்டு வரியைக் கட்டலாமே தவிர, பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அதிகாரிக்கு மனுப்போட்டு அலைய வேண்டியதுதான். கம்பெனி "பரிசாக" அனுப்பும் சுற்றுலாவுக்கும் 2022 ஜூலை முதல் பிடித்தம் உண்டு. 20,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் 10 சதவீதம். அதை லீடர் மேடையில் சொல்ல மாட்டார்.

வருமானத்தைக் காட்ட வேண்டும். வாங்கிய விலைக்கு மேல் வைத்து விற்ற லாபத்தையும் சேர்த்துத்தான். ஆனால் செலவையும் காட்ட வேண்டும். பஸ் கட்டணம், போன் செலவு, மாதிரிக்குக் கொடுத்த பொருள், எல்லாவற்றுக்கும் சீட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வருமானம் என்பது செலவு போக மிஞ்சுவதுதான்.

சர்க்காரிடம் பணமில்லாமலா இந்த 600 ரூபாய் வேட்டை? 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனிகளின் அடிப்படை வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். சலுகைகளை விட்டுவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வரவு போகும் என்று சர்க்காரே சொன்னது. அதற்காக எந்த முதலாளி எந்த ஆடிட்டர் வாசலில் காத்துக் கிடந்தார்?

கமிஷன்காரர்களுக்கு ஒரே பக்கத்தில் படிவம் வேண்டும். வரம்புக்குக் கீழே உள்ளவருக்குப் பிடித்தமே கூடாது. 2025 ஏப்ரலில் 15,000 என்பதை 20,000 ஆக்கியது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்தச் சகோதரி ரிட்டர்ன் போட்டுவிட்டார். பிடித்தத்துக்கான 16ஏ சான்றிதழ் கேட்டு நாமும் அவருடன் கம்பெனியின் உள்ளூர்க் கிட்டங்கிக்குப் போனோம். அடுத்த வாரம் தருவதாக லீடர் சொன்னார். ஆறு வாரம் கழித்து, நாலாவது நடையில்தான் கொடுத்தார்.