குழு இருக்கிறது, காது இருக்கிறதா?

ஒடிசா மாநிலத்துப் பாலசோர் நகரிலே, ஃபகீர் மோகன் கல்லூரியிலே, ஆசிரியப் பயிற்சிக்கு வந்தாள் இருபது வயதுப் பெண்ணொருத்தி. நாளை நூறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டியவள்! துறைத் தலைவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று குற்றம் சாட்டினாள். முதல்வரிடம் முறையிட்டாள், விசாரணைக் குழுவிடம் சொன்னாள், ஆட்சியிலுள்ளோருக்கும் எட்டும்படி எழுதினாள். கேட்டவர் பலர், கை கொடுத்தவர் யார்? 2025 ஜூலை 12 அன்று கல்லூரி வளாகத்திலேயே தீக்கு இரையானாள். 14 ஆம் நாள் இரவு உயிர் பிரிந்தது. துறைத் தலைவர் கைதானதும், முதல்வர் கைதானதும், டில்லியிலிருந்து குழு வந்ததும் அவள் உடல் வெந்த பிறகுதான்!

சட்டம் இல்லையா இந்நாட்டில்? உண்டு. குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற ராஜஸ்தானத்துப் பன்வாரி தேவி 1992 இல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி எழுந்த வழக்கிலே 1997 இல் உச்சநீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2013 இல் சட்டம் வந்தது. 2015 இல் பல்கலைக் கழக மானியக் குழு, உயர்கல்வி நிலையங்களுக்கென்றே விதிகளை எழுதியது.

அந்த விதிகளைப் படித்துப் பாருங்கள், வியப்பு மேலிடும்! உள்ளகப் புகார்க் குழுவுக்குப் பெண் பேராசிரியர் தலைமை தாங்க வேண்டும். பாதிப்பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். மாணவர் தொடர்பான புகாரெனில், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்றோர் குழுவில் இருக்கக் கூடாது! ஏன் கூடாது? ஆளுகிற கையே நீதி தேடுகிற கையைப் பிடித்து முறுக்கிவிடும் என்பதால்தான்.

நாள் கணக்கும் உண்டு. நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம். எழுத இயலாதவளுக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அறிக்கை வந்த 30 நாளில் நிர்வாகம் செயல்பட வேண்டும். விசாரணை நடக்கும்போதே, குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியர் அவளுடைய தேர்வுத் தாளைத் தொடாதபடி விலக்கி வைக்கலாம். அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம்.

இந்த ஒரு விதியின் அருமையை எண்ணிப் பாருங்கள்! மாணவியின் வாயை அடைப்பது எது? மதிப்பெண்! ஆய்வு மாணவியாயின், வழிகாட்டியின் ஒற்றைக் கையெழுத்து! பேனா அவர் கையில். பட்டம் அந்தப் பேனா முனையில். அந்தப் பேனாவைத் தற்காலிகமாகப் பறித்தால்தானே அவள் வாய் திறப்பாள்? ஏட்டிலே உள்ள இந்த விதி நாட்டிலே எத்தனை மாணவிகளுக்குத் தெரியும்?

வாய் திறந்தவளுக்கு நீதி கிடைக்கும் என்பதற்கும் சான்றுண்டு. 2024 டிசம்பரில், சென்னை அண்ணா பல்கலைக் கழக வளாகத்திலே மாணவியொருத்தி வெளியாள் ஒருவனால் வன்கொடுமைக்கு ஆளானாள். அஞ்சாமல் புகார் தந்தாள். அவள் பெயர் மறைக்கப்பட வேண்டிய முதல் தகவல் அறிக்கையோ வெளியே கசிந்தது! வெட்கம்! உயர்நீதிமன்றம் தலையிட்டு, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரிடம் விசாரணையை ஒப்படைத்தது; 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர ஆணையிட்டது. 2025 ஜூன் 2 இல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. 30 ஆண்டுக்குக் குறையாமல் சிறை. அவள் அஞ்சி அடங்கியிருந்தால் அவன் இன்றும் உலவிக் கொண்டிருப்பான் அல்லவா?

தங்கையே, உனக்குச் சொல்கிறோம். நாளும் நேரமும் குறித்து வை. வந்த செய்திகளை அழித்துவிடாதே. நம்பிக்கைக்குரிய ஒருவரையேனும் துணைக்கு அழை. குழு அசையாவிட்டால் காவல் நிலையம் உண்டு. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம். 181 என்ற எண்ணில் இரவும் பகலும் துணைக்குரல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பெண் என்ற ஒன்றே போதும், வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மனம் உடைந்த நேரத்தில் தனியே இராதே.

பெற்றோரே, மகள் வந்து சொன்னால், "படித்தது போதும், வீட்டோடு இரு" என்கிறீர்களே! தவறு செய்தவன் வகுப்பிலே, குற்றமற்றவள் அடுப்படியிலே! இது எந்த ஊர் நியாயம்? இந்த ஒரு சொல்லுக்கு அஞ்சித்தானே ஆயிரம் பெண்கள் ஊமையாகிறார்கள்?

நிர்வாகிகளே, உங்களையும் கேட்கிறோம். குழு உறுப்பினர் பெயர்கள் விடுதிச் சுவரில் உண்டா? மாணவர் மூவரை உண்மையிலேயே தேர்ந்தெடுத்தீர்களா? வந்த புகார் எத்தனை, முடித்தது எத்தனை என்று ஆண்டறிக்கையில் சொன்னீர்களா? புகாரே இல்லை என்று பெருமை பேசாதீர்கள். புகார் இல்லாத கல்லூரி தூய கல்லூரியாகவும் இருக்கலாம். வாய் திறக்க அஞ்சும் கல்லூரியாகவும் இருக்கலாம்.

நிறுவனத்தின் மானம் மறைப்பதில் இல்லை, விசாரிப்பதில் இருக்கிறது. பாலசோர்ப் பெண் கேட்டது கருணையல்ல, சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட உரிமை. அதைக் கொடுக்க இன்னொரு தீ தேவையா?