முதுமையும் மயக்க மருந்தும்

அறுவை முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. காயம் நன்றாகவே ஆறி வருகிறது. ஆயினும் மூன்றாம் நாள் இரவில், எண்பதை எட்டிய பெரியவர் அருகில் அமர்ந்திருக்கும் மகனை யாரென்று கேட்கிறார்; இல்லாத மனிதரோடு உரையாடுகிறார்; கையில் ஏறும் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்க முயல்கிறார். "அத்தாவுக்கு மயக்க ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்பர் சிலர். "வயதானால் இப்படித்தான்" என்பர் வேறு சிலர். இரண்டும் அரை உண்மைகளே என்பதும், அவற்றை முழு உண்மையாகக் கொள்வதால் விளையும் கேடு பெரிது என்பதும் நம் கருத்து.

மயக்க மருந்தின் அளவை உடல் எடையைக் கொண்டே கணக்கிடுவர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அறுபது கிலோ எடையுள்ள பேரனையும் அதே எடையுள்ள பாட்டனாரையும் எடுத்துக்கொள்வோம். புரோபோஃபால் என்னும் ஊசி மருந்தால் பேரனைத் துயிலில் ஆழ்த்த 120 முதல் 150 மில்லிகிராம் வரை வேண்டியிருக்கும். பாட்டனாருக்கோ 60 முதல் 90 மில்லிகிராமே வழக்கமான அளவு. மூச்சின் வழியே செலுத்தும் மருந்துகளுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. நாற்பது வயதைக் கடந்தபின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் தேவை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைகிறது என்று மேப்பிள்சன் 1996-இல் தொகுத்துக் காட்டினார்.

இதற்குக் காரணம் யாது? முதுமையில் உடலின் நீரும் தசையும் குறைந்து கொழுப்பு மிகுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை மெல்லவே வெளியேற்றுகின்றன. ஆனால் எல்லாவற்றையும் உடலின் மேல் ஏற்றிவிட இயலாது. இரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், முதிய மூளை ஆழ்ந்த மயக்கத்துக்குச் சென்றுவிடுகிறது. மயக்கத்தின்போது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால், இளையோரிடம் ஓங்கித் தோன்றும் ஆல்ஃபா அலைகள் முதியோரிடம் தளர்ந்து காணப்படுகின்றன. அலைகள் இடையிடையே அடங்கிப்போகும் அளவுக்கதிகமான ஆழ்நிலையும் அவர்களுக்கு எளிதில் நேர்கிறது. மற்றொன்றும் உண்டு. முதியவரின் குருதியோட்டம் மெதுவானது. ஊசியில் ஏற்றிய மருந்து மூளையைச் சேரத் தாமதமாகும். அந்தச் சில நொடிகளைப் பொறுக்காமல் மேலும் மருந்து செலுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். பொறுமையும் இங்கு ஒரு மருந்தே!

அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பத்தைப் பற்றி 1955-இல் லான்செட் இதழில் பெட்ஃபோர்டு எழுதினார். உறவினரின் முறையீடுகளே அவரை அவ்வாய்வுக்குத் தூண்டின. 1998-இல் அதே இதழில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, அறுபதைக் கடந்த 1218 பேரைப் பின்தொடர்ந்தது. ஒரு வாரம் கழித்து நான்கில் ஒருவருக்கு நினைவும் கவனமும் தளர்ந்திருந்தன; மூன்று மாதம் கழித்து அத்தளர்ச்சி பத்தில் ஒருவரிடம் எஞ்சியிருந்தது. பெரும்பாலோர் மீண்டனர் என்பதையும், மீளாதோர் இருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவற்றைக் கேட்டவுடன், "முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டால் போதும்" என்று வற்புறுத்தும் குடும்பங்கள் பல. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரிடம் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகு ஊசி பெற்றோருள் 20.5 விழுக்காட்டினருக்கும், முழு மயக்கம் பெற்றோருள் 19.7 விழுக்காட்டினருக்கும் மனக்குழப்பம் வந்தது. எனவே பழி முழுவதையும் மயக்க மருந்தின்மேல் சுமத்துதல் பொருந்தாது. வலி, தூக்கமின்மை, தொற்று, அறுவையால் உடலெங்கும் எழும் அழற்சி, புதிய இடம் ஆகிய யாவும் தளர்ந்த மூளையை அலைக்கழிக்கின்றன. இதனினும் கொடிது, மயக்க மருந்துக்கு அஞ்சி அறுவையையே மறுத்து, எலும்பு முறிந்த மூதாட்டியைப் படுக்கையிலேயே கிடத்திவிடுவது. படுக்கைப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் அங்கே காத்திருக்கின்றன.

அளவைத் தீர்மானிப்பது மருத்துவர் கடமை. ஆயின் உண்மையைச் சொல்வது நம் கடமையன்றோ? பெரியவர் ஆண்டுக்கணக்காக இரவில் விழுங்கும் தூக்க மாத்திரையைச் சொல்ல நாம் கூசுகிறோம். அண்மைக்காலமாக அவர் மறதிப்பட்டு வருவதைக் குடும்பக் கௌரவம் கருதி மறைக்கிறோம். டயஸெபாம், அல்பிரஸோலாம் போன்றவை முதியோரின் குழப்பத்தை வளர்ப்பவை. பல்லாண்டுப் பழக்கத்தைத் திடீரென நிறுத்தினாலும் குழப்பம் வரும். மருத்துவர் இதை அறியாமல் எப்படித் திட்டமிடுவார்? கூச்சலிடாமல் சோர்ந்து சுருண்டு கிடக்கும் பெரியவரை "நன்றாகத் தூங்குகிறார்" என்று விட்டுவிடுவதும் தவறு. குழப்பத்தின் அமைதியான வடிவம் அதுவே. பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவதும் அதுவே.

அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்து மருத்துவமனையில் ஷேரன் இனூயி குழுவினர் எழுபதைக் கடந்த 852 நோயாளரிடம் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் அறுவைக்கு வந்தவர் அல்லர். பொது மருத்துவப் பிரிவினர். நாளையும் இடத்தையும் நினைவூட்டல், நடக்கவைத்தல், தண்ணீர் அருந்தச் செய்தல், இரவில் உறங்க விடுதல், கண்ணும் செவியும் பயன்படச் செய்தல் ஆகியவையே அங்கே மேற்கொண்ட முயற்சிகள். மனக்குழப்பம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது. இப்பணிகளுள் பெரும்பகுதியைப் பட்டம் பெறாத மகளும் மருமகனும் செய்ய முடியும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? அறுவைக் கூடத்துக்குள் செல்லுமுன் கழற்றித் தரும் மூக்குக் கண்ணாடியையும் செவிக்கருவியையும் தொலைந்துவிடுமென்று பையில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர் கண் விழிக்கும் நேரத்தில் அவை தலைமாட்டில் இருக்க வேண்டும்.