மல்லனுக்குக் காவல் வேலை எதற்கு?

“தனி வீடா? அக்கம்பக்கத்துல ஆள் நடமாட்டம் இல்லையா? பேசாம ஒரு பிட்புல் வாங்கிக் கட்டிடுங்க சார், ஒரு பய கேட்டுக்கிட்ட வரமாட்டான்.” தெருவில் சங்கிலி பறிப்பு நடந்த மறுநாள் டீக்கடையிலும், புறநகரில் புதுமனை புகுவிழாப் பந்தியிலும் இந்த யோசனை தாராளமாகக் கிடைக்கிறது. சொல்பவர் பெரும்பாலும் நாய் வளர்த்திருக்க மாட்டார். கேட்டவரோ அடுத்த வாரமே பால்குடி மறந்தும் மறவாத ஒரு குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். பிட்புல் இருந்தால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்ற இந்த நம்பிக்கை அடியோடு தவறு. அது பொல்லாத நாயா, நல்ல நாயா என்ற பட்டிமன்றத்துக்குள் போவதற்கு முன்பே தவறு. ஏனென்றால் காவல் அதன் தொழிலே இல்லை.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காளையை முளையில் கட்டி, அதன்மேல் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். 1835-இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். காளையை ஒளித்துவைக்க முடியாது, நாயை ஒளித்துவைக்கலாம். பந்தயம் மதுக்கடைகளின் பின்கட்டுக்கு இடம் மாறியது. நாயோடு நாயை மோதவிட்டார்கள். கவ்வினால் விடாத புல்டாக்கையும் துருதுருவென்று பாயும் டெரியரையும் கலந்து எடுத்த அந்த வாரிசுகள் கப்பலேறி அமெரிக்கா போயின. 1898-இல் சான்சி பென்னட் என்பவர் யுனைடெட் கென்னல் கிளப்பைத் தொடங்கி, தம் சொந்த நாயையே முதல் ‘பிட்புல் டெரிய’ராகப் பதிவு செய்தார். பெயரில் இருக்கும் ‘பிட்’ அந்தச் சண்டைக் குழிதான்.

அந்தக் குழிக்குள் நாய்கள் மட்டும் நிற்பதில்லை. நாய்க்காரர்கள் இருவரும் நடுவரும் உடன் நிற்பார்கள். ரத்தம் சொட்டச் சொட்டச் சண்டையிடும் நாயை வெறுங்கையால் தூக்கிப் பிரிப்பார்கள். அந்த நேரத்தில் பிடிப்பவன் கையைப் பதம் பார்க்கும் நாய் தொல்லை. ஆகவே எதிரி நாயை விடாமலும் மனிதன்மேல் பாயாமலும் இருக்கிற குட்டிகளைத் தேடிப் பெருக்கினார்கள் என்பது இந்த இனத்தின் பழைய பெருமைப் பேச்சு. முழுக்க நம்ப வேண்டியதில்லை. ஆளைக் கடித்தாலும் பந்தயத்தில் ஜெயிக்கிற நாயை எந்தச் சூதாடி தூக்கி எறிந்தான்? ஆனால் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக ஒன்று அச்சிலேயே இருக்கிறது. இந்த இனத்தை முதலில் பதிவு செய்த அதே யுனைடெட் கென்னல் கிளப், தன் இன இலக்கணத்தில், பிட்புல் முன்பின் தெரியாதவர்களிடமும் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உடையது, காவல் நாயாக வைத்துக்கொள்ளச் சிறந்த தேர்வு அல்ல என்று எழுதிவைத்திருக்கிறது. நம் ஊர்க் குட்டி வியாபாரியோ “பக்கா செக்யூரிட்டி டாக் சார்” என்கிறார்.

அப்படியானால் சாதுவான நாய்தானே, வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் வினை. இந்த இனத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தது மூர்க்கத்தை விட, பின்வாங்காமையை. அடிபட்டாலும் வலித்தாலும் தொடங்கியதை நிறுத்தாத குணம். சாதாரண நாய் உறுமும், பல்லைக் காட்டும், ஒரு கடி கடித்துவிட்டு விலகும். பிட்புல் பிடித்தால் பிடித்ததுதான். அதன் தாடை பூட்டுப்போல் மாட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. அதற்கும் மற்ற நாய்களுக்கும் தாடை எலும்பு ஒன்றேதான். விடமாட்டேன் என்பது அதன் மனசு. இதை அறிந்த அமெரிக்க வளர்ப்பாளர்கள் ஒரு சாண் நீளத்துக்கு மர ஆப்பு ஒன்றைக் கைவசம் வைத்திருப்பார்கள். கவ்விய நாயைக் கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, கடைவாய்ப் பல்லின் பின்னால் அந்த ஆப்பைச் செருகித் திருகினால்தான் வாய் திறக்கும். குட்டியோடு உணவுத் தட்டும் கழுத்துப்பட்டையும் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு பொருளைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? வீட்டில் இருக்கிற எழுபது வயது அம்மா அதைச் செருகுவாரா?

2022 ஜூலையில் லக்னோவில் 82 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். கொன்றது தெருநாய் அல்ல, அவர் வீட்டிலேயே வளர்ந்த பிட்புல். 2025 ஆகஸ்டில் நம் சென்னை ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் இறந்தார். அது அக்கம்பக்கத்தில் வளர்த்த பிட்புல். இரண்டிலும் சுவரேறிக் குதித்த திருடன் எவனும் இல்லை.

உடனே “எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கு” என்று ஒரு கூட்டம் கிளம்பும். வளர்ப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. 2007-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் நாய்ச்சண்டைக் கூடாரத்தில் மீட்கப்பட்ட பிட்புல்களில் பல, பிறகு குடும்பங்களில் சாதுவாக வாழ்ந்தன. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, பழக்கி, தகுந்த ஆளிடம் ஒப்படைத்தவர்கள் அந்தத் துறையிலேயே ஊறிய நிபுணர்கள். காலை எட்டு மணிக்கு ஆபீசுக்கு ஓடி இரவு எட்டுக்குத் திரும்புகிற குடும்பத்தில் அந்த வளர்ப்பைத் தருவது யார்? பகலெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் இரண்டடிச் சங்கிலியில் கட்டிக்கிடக்கும் நாய்க்கு வளர்ப்பு என்று எதைச் சொல்வது? வளர்ப்பில்தான் எல்லாம் என்பது உண்மையானால், வளர்க்க நேரமில்லாதவர்கள் வாங்கக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி.

காவல் என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காவல் நாயின் வேலை கடிப்பது அல்ல, குரைப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு வேலியோரம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டதும் வீட்டையும் தெருவையும் எழுப்ப வேண்டும். வந்தவன் யாரென்று பார்த்துத் தீர்மானிப்பது வீட்டுக்காரர் பாடு. மல்யுத்த வீரனைக் கூர்க்கா வேலைக்கு வைத்தால் ஊர்ச்சண்டை வரும், தூக்கம் கெடும், திருட்டு நிற்காது. திருடன் வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். பால் போடுகிறவர் தினமும் வருகிறார். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, சிலிண்டர் தூக்கி வருகிறவர், சாப்பாடு கொண்டுவரும் பையன், பந்து விழுந்துவிட்டது என்று கேட்டைத் திறக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவன் எல்லாரும் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆபத்து யாருக்கு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, நம் ஊரில் கொள்ளையர்கள் குறிவைப்பது பெரும்பாலும் பூட்டிக்கிடக்கும் வீட்டை. தீபாவளிக்கு நீங்கள் ஊருக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கும்? உங்களோடு காரில், அல்லது நாய் விடுதியில்.

இதைவிட மோசம், ‘கடிக்கப் பழக்குகிறேன்’ என்று பணம் வாங்கிக்கொள்ளும் அரைகுறைப் பயிற்சியாளர்கள். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நாயைச் சீண்டி வெறியேற்றுவார்கள். ‘விடு’ என்றதும் விடக் கற்றுக்கொடுக்காமல் ‘பிடி’ மட்டும் கற்றுக்கொடுப்பது பயிற்சி ஆகாது. அப்புறம் அந்த நாய் யாரைக் கடித்தாலும் பொறுப்பு உங்களுடையது. வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

அரசு தடை செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பாரும் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்காமல் எடுத்த முடிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. பிரிட்டனில் 1991-இலிருந்து பிட்புல்லுக்குத் தடை. அங்கே அதே வார்ப்பில் எக்ஸ்எல் புல்லி என்று இன்னொன்று பெருத்து வளர்ந்து, 2024-இல் அதையும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டிவந்தது. முரட்டு நாய்தான் பாதுகாப்பு என்ற ஆசை இருக்கும்வரை, ஒரு பெயரை அடித்தால் இன்னொரு பெயரில் குட்டி விற்பனைக்கு வரும்.

அப்படியானால் எதை வாங்குவது? கோம்பையும் ராஜபாளையமும் இருக்கின்றன. நம் வெயிலைத் தாங்கும், அந்நியரைச் சந்தேகிக்கும். அவையும் லேசுப்பட்ட நாய்கள் அல்ல, ஓட இடம் வேண்டும், பழக்க ஆள் வேண்டும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதால் குட்டியின் காதருகே கைதட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். குரைப்பதற்கு மட்டும் என்றால் தெருவில் பிறந்த ஒரு நாட்டுக் குட்டி போதும். நல்ல பூட்டும், வாசலில் விளக்கும், ஒரு கேமராவும், முகம் பார்த்துப் பேசுகிற பக்கத்து வீட்டுக்காரரும் அதற்கு மேல் செய்வார்கள்.

ஏற்கெனவே பிட்புல் வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். அது உங்கள் ஆபத்தை இன்னொரு ஊரின் குழந்தைகளிடம் தள்ளிவிடுவது. கருத்தடை செய்யுங்கள், வெறிநாய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள், உள்ளாட்சி உரிமம் பற்றி விசாரியுங்கள். வெளியே கூட்டிப்போகும்போது வாய்மூடி மாட்டி, இழுத்துப் பிடிக்க வலு உள்ளவர் கையில் மட்டும் கயிற்றைக் கொடுங்கள். குழந்தையோடு அதைத் தனியாக ஒரு நிமிடமும் விடாதீர்கள்.