காலடி நிலம் தாழ்கின்றது!

கூவம் ஆறு மும்மருங்கும் வளைந்தோடும் இடத்தில், 1734-ஆம் ஆண்டு நூற்போரும் நெய்வோரும் குடியமர்த்தப்பட்ட ஊர் சின்னத்தறிப்பேட்டை. அப்பெயரே மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்றென்பர். தறியோசை ஓய்ந்து நெடுநாளாயிற்று. இன்று சென்னை முழுதும் கேட்பது, நிலத்தடி நீரை உறிஞ்சும் ஆழ்துளைக் கிணற்றுப் பொறிகளின் ஓசையே!

மண்ணின் நுண்துளைகளில் நிற்கும் நீர், மேலுள்ள பொறையைத் தாங்கத் துணைநிற்கின்றது. மழை ஊட்டுவதினும் மிகுதியாக நீரை எடுத்தால் களிமண் படிவுகள் நெருங்கி இறுகும், மேல்நிலம் தாழும், சுவர்கள் விரியும். இறுகிய களிமண், பின்னர் நீரூட்டினும் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளாது.

இத் தாழ்வு கண்ணுக்குப் புலனாகாது. செயற்கைக்கோளின் ரேடாருக்குப் புலனாகும். அது விடுக்கும் அலை நிலத்திற் பட்டு மீளும். ஓரிடத்தினின்று வெவ்வேறு நாள்களில் மீண்ட அலைகளை ஒப்பிட்டால், மில்லிமீட்டர் அளவு மாற்றமும் தெரியவரும். இரவும் முகிலும் அதற்குத் தடையல்ல. 2015 முதல் 2023 வரையிலான அத்தகைய அளவீடுகளைக் கொண்டு, இந்தியப் பெருநகர்கள் ஐந்தனைப் பற்றி 2025-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சென்னையில் நிலம் ஆண்டுக்கு 31.7 மில்லிமீட்டர் வரை தாழ்வதை அது காட்டிற்று. அடையாற்றங்கரை, கோடம்பாக்கம், வளசரவாக்கம், ஆலந்தூர், தண்டையார்பேட்டைப் பகுதிகளைக் குறித்தது. நிலத்தடி நீரை மிகையாக எடுத்தலே தலையாய ஏது என்றது. ஆற்றங்கரை மண்ணில் நிற்கும் பழம்பேட்டைகள், இச்செய்தி பிறர்க்குரியதென்று வாளா இருத்தலாகாது.

நிலத்தடி நீரை வரம்பின்றி உறிஞ்சிய சகார்த்தா தாழ்ந்தது. 2019-இல் இந்தோனேசியா தலைநகரையே மாற்ற முடிவு செய்ததற்கு அதுவும் ஓர் ஏது. அரசு இடம்பெயரலாம், சிந்தாதிரிப்பேட்டையின் ஒண்டுக்குடித்தன ஏழை எங்கே பெயர்வான்?

சட்டம் இல்லாமலில்லை. கிணறு தோண்டவும் நீரெடுத்து விற்கவும் ஒப்புதல் பெறவேண்டுமென்று 1987-இலேயே சென்னைக்குத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2003-இல் மழைநீர்ச் சேமிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையினின்று தொடர்வண்டியில் நீர் வந்தது. செல்வர் வாயிலில் தண்ணீர்ச் சரக்குந்து நின்றது. ஏழையர் தெருவில் வெறுங்குடங்கள் வரிசை நின்றன. சரக்குந்து நிறைந்தது எந்நிலத்தின் நீரால்?

2025 சூலை 30-இல் சிறீஅரிகோட்டாவினின்று ஏவப்பட்ட நிசார், 12 நாளுக்கொரு முறை அதே நிலத்தின்மேல் மீண்டு வருமாறு அமைந்தது. வானினின்று மில்லிமீட்டரை அளக்கும் ஒரு நாட்டுக்கு, மண்ணினின்று எடுக்கும் நீரை அளக்க இயலாதா? பெருங்கட்டடத்தாரும் நீர் விற்போரும் எடுப்பதனை அளவி பொருத்தி அளத்தல் வேண்டும். செயற்கைக்கோள் காட்டும் தாழ்வையும் கிணற்று நீர்மட்டத்தையும் வட்டந்தோறும் அரசு வெளியிடல் வேண்டும்; அதனைத் தமிழில் வெளியிடல் வேண்டும். ஆங்கில ஏட்டில் மட்டும் உறங்கும் அறிவு, தன் வீட்டுச் சுவரில் விரிசல் காணும் தமிழனுக்கு என்ன பயன் தரும்?

மண்ணை வாழ்த்துவது எளிது. அது தாழாமற் காப்பதே அம்மண்ணில் பிறந்தார் கடன்!