இறந்தவன் கடனும் இருப்பவள் கையொப்பமும்

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து தொழிலாளப் பெண்மணி ஒருவர் நம்மைக் காண வந்தார். கணவனை இழந்தவர், கருமாதி முடிந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. அவர் கொண்டுவந்த பையிலே கடைக்காரரின் கொப்பி ஒன்றும், கிழமைதோறும் கட்டும் குழுக் கடனின் அட்டைகள் இரண்டும், வட்டிக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போன புரோநோட்டு ஒன்றும் இருந்தன. புரோநோட்டிலே தொகை எழுதப்பட்டிருந்தது. கையொப்பம் ஒன்றுதான் குறை.

"பேரை மாத்திக் குடுத்தாப் போதும்னு சொல்றாருங்க ஐயா. கையெழுத்துப் போட்டுடவா? அந்த மனுசன் கடனோட போயிட்டாருன்னு ஊரு பேசக் கூடாதுங்க" என்றார்.

அப்பெண்மணி கேட்ட கேள்வி நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடையது. அவருடைய கொள்ளுப்பாட்டியும் இதே மலையிலே இதனைக் கேட்டிருக்கக்கூடும். ஆனால், அன்று விடை கூறுவதற்கு எவரும் இருந்திலர்.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டியபோது, வழிச் செலவையும் முற்பணத்தையும் அவரவர் கணக்கிலேயே கடனாக எழுதினர். தொழிலாளி தோட்டத்தில் காலடி வைக்கும்போதே கடனாளி. அக்கடனைச் சுமந்துகொண்டு அவன் தோட்டம் மாறும்போது கொடுக்கப்பட்ட கடதாசிக்குத் 'துண்டு' என்று பெயர். இவன் பேரில் இவ்வளவு கடன் உண்டு. அதனைச் செலுத்துவோர்க்கு இவனை விடுவிக்கிறோம் என்பதே அதன் பொருள். கடன் கைமாறும்போது மனிதனும் உடன் மாறினான். ஓடியவன் கடனும் மாண்டவன் கடனும் கங்காணியின் ஏட்டிலிருந்து மறைந்துவிடவில்லை; மனைவி, மக்கள், உடன்வந்த உறவினர் ஆகியோர் தலையில் அவை இறங்கின. தாலி அறுத்தவள் மறுநாள் பெரட்டுக்களத்துக்குச் செல்லும்போது அவள் கூலியோடு அவன் கடனும் சென்றது.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒழித்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும், நம் மேசைமீது கிடந்த அப்புரோநோட்டைத் துண்டு என்றல்லாமல் வேறெப்பெயரால் அழைப்பது என்று நமக்கு விளங்கவில்லை.

சட்டம் கூறுவது யாது? இறந்தவனுடைய கடன் அவன் விட்டுச்சென்ற உடைமைக்கு உரியது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டத்தின்படி, மரண சாசனமின்றி இறந்தவனின் உடைமையிற் பாதி மனைவியைச் சேரும். கடன்காரர் அவ்வுடைமையிலே தம் பங்கைக் கேட்கலாம். உடைமை இல்லாதவிடத்து, மனைவி என்ற ஒரே காரணத்துக்காக அவளிடம் கேட்க வழியில்லை. லயக்காம்பராவும் அதன் கீழுள்ள நிலமும் தோட்டத்துக்குச் சொந்தமாயிருக்க, அம்மனிதன் எதனை விட்டுச் சென்றான்? இரண்டு சாரங்களும் ஒரு கைத்தொலைபேசியும்!

வன்னியிலே நெல் விதைக்கும் நம் வாசகருக்கு ஒரு துண்டுக் காணியாவது உண்டு. கடன் கொடுப்பவன் அதனை ஈடாகப் பெறுகிறான். மலையகத் தொழிலாளியிடம் ஈடு பெற ஒன்றுமில்லை. ஆகவே அங்கே மானமே ஈடாகிறது. கருமாதி வீட்டு வாசலிலே வந்து நின்று, "அவர் நல்ல மனுசன், கடன் வைத்துப் போகமாட்டார்" என்று நாலு பேர் கேட்கக் கூறுவது வசூல் முறைகளுள் ஒன்று. அப்பேச்சில் நெகிழ்ந்து தன் பெயரில் புதுப் புரோநோட்டு எழுதிக் கொடுக்கும் கணத்திலே, சட்டப்படி இல்லாதிருந்த கடன் அவள் சொந்தக் கடனாகிவிடுகிறது. அதன்மேல் வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகள் அவகாசமும் உண்டு. 'பேரை மாற்றுவது' என்று அவர்கள் கூறுவது இதனைத்தான்.

குழுக் கடன் வேறு வகை. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. அதனைப் பெரும்பாலும் பெண்ணே தன் பெயரில் எடுத்திருப்பாள். கணவனின் வைத்தியத்துக்கோ மகனின் படிப்புக்கோ எடுத்தாலும் கடனாளி அவளே. கணவனின் கடனுக்குப் பிணை நின்று கையொப்பமிட்டிருந்தாலும் பொறுப்பு அவளுடையதே. இங்கே கேட்கவேண்டியவை வேறு. கடன் கொடுத்தபோது காப்புறுதிக்கென்று பணம் பிடித்தார்களா? பிடித்திருந்தால் கணவனின் மரணத்துக்கும் அது பொருந்துமா? கட்டிய தவணைகளுக்கெல்லாம் அட்டையிலே பதிவு உண்டா? நம்மிடம் வந்தவரின் அட்டை ஒன்றில் நான்கு கிழமைகளுக்குப் பதிவே இல்லை. பணம் கொடுத்ததைக் குழுவிலிருந்த பெண்கள் எல்லாரும் கண்டிருக்கிறார்கள்.

தனியார் வட்டிக்காரர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லையென்று சிலர் அங்கலாய்க்கின்றனர். சட்டம் உண்டு, அதனைப் பயன்படுத்துவோரைத்தான் காணோம். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணக்கடன் சட்டப்படி, கடனுக்காக வாங்கும் புரோநோட்டிலே உண்மையிற் கொடுத்த முதல் எவ்வளவு, முற்கூட்டியே கழித்துக்கொண்டது எவ்வளவு, ஆண்டு வட்டி வீதம் என்ன என்பனவற்றைத் தனித்தனியே குறிப்பிடல் வேண்டும். வட்டி மிதமிஞ்சி, கொடுக்கல் வாங்கல் கொடுமையாயிருப்பின், நீதிமன்றம் கணக்கை மீளத் திறந்து பார்க்கலாம். தொழிலாளியின் கூலியைக் கடனுக்காகக் கைப்பற்றலாகாது என்கிறது சிவில் நடைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு. இவற்றையெல்லாம் படித்துப் பட்டம் பெற்ற நாம், நியாயவாதிகள், நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறோம். பக்கத்துத் தோட்டத்து லயத்துக்குப் போவதில்லை.

அரசின் கண்ணும் அங்கே படவில்லை. 2018இல் நுண்நிதிக் கடனால் நலிந்த பெண்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கே அது உரியது. வறட்சியுற்ற 12 மாவட்டங்கள் அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன. வடக்கும் கிழக்கும் அவற்றுள் அடங்கின. அதனை நாம் வரவேற்கிறோம். நுவரெலியா அப்பட்டியலில் இல்லை. மலையிலே மழை பெய்கிறது, ஆகையால் வறட்சியில்லை என்று கருதினார்கள் போலும்! 2021இல்தான் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என வேதன சபை நிர்ணயித்தது. மறு ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்து, அரிசி விலையும் மா விலையும் அந்த ஆயிரத்தை விழுங்கின. அக்காலத்திலே வாங்கிய கடன்கள்தாம் இப்போது விதவைகளின் பைகளில் இருக்கின்றன.

மரணத்துக்குப் பின் வரும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவனின் சேமலாப நிதி உண்டு. ஐந்தாண்டுக்கு மேல் உழைத்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக் காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரனுக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் கூலி என்பது அதன் கணக்கு. இப்பணம் வரப்போகும் செய்தி குடும்பத்துக்கு எட்டுமுன் கடன்காரருக்கு எட்டிவிடுகிறது. அவ்வளவையும் ஒரே நாளிற் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்கு மீண்டும் அதே வட்டிக்காரரிடம் போய் நின்ற குடும்பங்களை நாம் அறிவோம். மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டம் அரிது. பாடை கட்டவும் பந்தல் போடவும் முன்வரும் அச்சங்கத்தார், பதினாறாம் நாள் வரை எத்தாளிலும் கையொப்பமிட வேண்டாமென்று அவ்வீட்டாருக்குக் கூறி, கணக்கறிந்த ஒருவரை உடன் இருத்தினால் என்ன? தொழிற்சங்கத் தலைவர்கள் மரண வீட்டுக்கு மலர்வளையத்துடன் வருகிறார்கள். அந்தக் கொப்பிகளையும் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும்.

இனி, கடைக்காரர் கொப்பி. சட்டத்தில் அவருடைய நிலைதான் மிகவும் நலிந்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டப்படி, கடைக் கணக்குக்கு ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அக்கொப்பியிலிருந்த பாக்கியிற் பெரும்பகுதி அதனைத் தாண்டிவிட்டது. கொடுக்காவிட்டால் எவரும் எதுவும் செய்துவிட முடியாது. இதனை அப்பெண்மணியிடம் மறைக்காது கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அது வேறங்க ஐயா. கொரோனா நேரம் மூணு மாசம் அந்தக் கடைக்காரரு அரிசி குடுத்தாரு. வட்டி ஒரு சதம் கேக்கல" என்றார்.

அவர் கூறியது சரியென்றே நமக்கும் பட்டது. சேவைக் காலப் பணம் கிடைத்ததும் அக்கொப்பிக்கு முதலிற் கொடுப்பது. குழுக் கடனுக்கு விடுபட்ட நான்கு கிழமைகளையும் பதிந்த பின்னரே அடுத்த தவணை. மீதியிற் பாதியை மகளின் பெயரில் அஞ்சலகத்தில் இடுவது என்று முடிவாயிற்று. புரோநோட்டை எழுதியவருக்கு நாம் ஒரு கடிதம் அனுப்பினோம். கொடுத்த முதல் எவ்வளவு, இதுவரை பெற்றது எவ்வளவு, எவர் கையொப்பமிட்ட எந்தப் பத்திரம் அவரிடம் உண்டு என்று கேட்டிருந்தோம். இரண்டு மாதமாகிறது, மறுமொழி இல்லை. கையொப்பமற்ற அப்புரோநோட்டு நம் மேசை அறையிலேயே கிடக்கிறது.