கரைந்தது மறைந்ததாகுமா?

நீரில் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் சுவை அதனை உணர்த்திவிடும். கரைதல் வேறு, மறைதல் வேறு. இந்த எளிய வேதியியல் உண்மையைப் பெங்களூரு மாநகர் மறந்ததன் விளைவே பெள்ளந்தூர் ஏரியில் பொங்கிய நுரை.

சலவைத்தூளின் மூலக்கூறு இருமுனை கொண்டது. ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை விலக்கி எண்ணெய்ப்பசையைப் பற்றும். அதனாலேயே துணியின் அழுக்கு நீங்குகிறது. அதே மூலக்கூறுகள் கழிவுநீரோடு ஏரியை அடைகின்றன. நீர் கலங்கி வீழும் இடங்களில் காற்றைச் சிறைப்பிடித்து நுரையாகின்றன. 2015ஆம் ஆண்டில் அந்நுரை சாலைவரை பறந்தது. ஏரிப்பரப்பில் தீயும் பற்றியது.

சலவைத்தூளையே விலக்கவேண்டும் என்பர் சிலர். அது முழுத்தீர்வு ஆகாது. வேதிப்பொருள் தன் இயல்பின்படியே செயல்படுகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஏரியில் விடுவதே பெருங்குற்றம். அதனைத் தடுப்பது நகர ஆட்சியின் கடமை. சலவைத்தூளை அளவறிந்து பயன்படுத்துவது ஒவ்வொரு வீட்டின் கடமை. தம் வீட்டு வாளியிலிருந்து வடியும் நீர் எந்த ஏரியைச் சேர்கிறது என்பதை ஒவ்வொரு மாணவரும் கேட்டறிதல் வேண்டும்.