இரவுப் பணியும் பகல் உறக்கமும்

ஊர் விழித்தெழும் வேளையில் உறங்கச் செல்வோர் நம் இல்லங்களில் பெருகிவிட்டனர். திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் ஆலைகளில் ஷிப்டு முறையில் உழைப்போர் அவர்கள். வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்கென்றே 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது எனில், தொகையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இரவுப் பணி முடித்து வரும் மகனையும் மருமகளையும் 'பகலெல்லாம் தூக்கம்தான்' என்று குறை கூறும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களை எண்ணியே இம்மாதம் எழுதுகிறேன்.

உறக்கம் என்பது மூளை வெறுமனே ஓய்ந்து கிடக்கும் நிலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் விந்தையான மூளைக்காய்ச்சல் ஒன்று பரவிற்று. நோயுற்றோரில் பலர் ஓயாது உறங்கினர். சிலருக்கோ உறக்கமே வரவில்லை. வியன்னா மருத்துவர் வான் எகோனமோ இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தார். உறக்கம் இழந்தவர்களிடம் ஹைப்போதலமஸ் என்னும் உறுப்பின் முன்பகுதி பழுதுற்றிருந்தது. உறங்குவதற்கென்றே மூளையில் ஓரிடம் உண்டு என்ற கருத்து அவ்வாறு பிறந்தது.

அவ்விடத்தைப் பல்லாண்டுகள் நுணுகி ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் உடலியல் துறையில் பணியாற்றிய டாக்டர் வேலாயுதன் மோகன் குமார் அவர். எலிகளின் 'பிரியாப்டிக்' பகுதியில் நரம்பணுக்களை மட்டும் அழிக்கும் மருந்தைச் செலுத்தியபோது அவற்றின் உறக்கம் குறைந்தது. பின்னர், கருவிலிருந்த எலியின் மூளையில் அதே பகுதித் திசுவை எடுத்து அங்கே பொருத்தினர். இழந்த உறக்கம் மீண்டது! 1998இல் இவ்வாய்வு வெளியாயிற்று.

நம் இல்லங்களுக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. உறக்கத்தை ஆளும் அதே பகுதிதான் உடற்சூட்டையும் ஆள்கிறது. உறக்கம் பிடிப்பதற்கு உடலின் உட்சூடு சற்றே தணிய வேண்டும். கைகால்களின் தோல்வழியே வெப்பம் வெளியேற வேண்டும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நண்பகலில் படுத்திருப்பவருக்கு அதற்கு வழியேது? அருகிலேயே அமைந்துள்ள உடற்கடிகாரமோ, கண்வழி புகும் வெளிச்சத்தைக் கொண்டு 'பொழுது விடிந்தது, எழு' என்று வற்புறுத்துகிறது. ஆக, எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர் எட்டு மணி நேரம் உறங்கியவர் ஆகமாட்டார்.

இது வெறும் யூகமன்று. சென்னையில் குறைந்த வருவாயுள்ள 452 பேரின் மணிக்கட்டில் கருவி பொருத்தி ஆராய்ந்து, 2021இல் பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரவில் எட்டு மணி நேரம் படுத்தவர்கள் உண்மையில் உறங்கியது ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமே! உறக்கம் அடிக்கடி கலைந்தது. ஊக்கமளித்து இரவு உறக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் அவர்களது வேலைத்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆனால் பிற்பகலில் பணியிடத்திலேயே அரைமணி நேரம் கண்ணயர இடம் தந்தபோது கவனமும் வேலைத்திறனும் மனநிறைவும் உயர்ந்தன. உறங்கிய நேரத்தில் வேலை நின்றதால், இடைவிடாது உழைத்தவரைக் காட்டிலும் வருவாய் சற்றுக் குறைந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

கைலூலாவை அறிந்த நமக்குப் பிற்பகல் உறக்கம் புதிதன்று. ஆலை நிர்வாகங்கள் இதற்கு இடம் தருமா என்பது வேறு கேள்வி. வீட்டிற்குள் ஆக வேண்டியதோ நம் கையில் இருக்கிறது. ஜன்னலுக்குக் கனத்த திரையும், கூரைக்கு வெள்ளைப் பூச்சும் பெருஞ்செலவில்லை. கேஸ் சிலிண்டர்க்காரர் வந்தாலும், உறவினர் வந்தாலும், உறங்குபவரை எழுப்பாதிருப்பதற்குச் செலவே இல்லை. மகன் உறங்கும்போது வீடே அடங்கியிருக்கிறது. அதே ஷிப்டு முடித்து வந்த மருமகள் மட்டும் அடுப்படியில் நிற்கிறாள். இது எந்த நியாயம்?

லுஹருக்கு எழுப்ப வேண்டாமா என்று கேட்பீர்கள். எழுப்பத்தான் வேண்டும். எனினும் பாங்கு ஒலித்த மறுகணமே எழுப்ப வேண்டியதில்லை. அஸர் வரை வக்து இருக்கிறது.